கவிழ்த்துப் பார்க்காத வெளிச்சம்

வெளிச்சம் தள்ளும். முகத்தில் விழுகிற வெயில்கூட நம்மைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. கொசு வந்து உட்கார்ந்தாலாவது தெரியும், இது அந்த அளவுக்குக்கூடத் தெரியாது. ஆனால் கண்ணுக்கே அகப்படாத ஒரு பொன் துகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்போது அதன் மேல் லேசரைப் போட்டால் நகர்வதைப் பார்க்கலாம். விளக்கை விட்டு விலகி ஓடும். எல்லா விளக்கும் இப்படித்தான் என்று உலகம் ஒத்துக்கொண்டு பேசாமல் இருக்க, இல்லை, அந்தத் துகள் விளக்கை நோக்கி வரத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள் ஒருத்தி. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு இழுவைக்காரி என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். நாளடைவில் அது எப்படி ஒட்டிக்கொண்டதென்றால், வெளியிலிருந்து போன் வந்தால் வரவேற்பில் இருப்பவர் வாய்தவறி "இழுவைக்காரி மேடம், உங்களுக்குத்தான்" என்று கூப்பிடுவார். மேதை கீதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலையில் மகளுக்குத் தலை பின்னி, மூன்று பேருக்கும் சாப்பாடு கட்டி, பஸ்ஸில் நின்றபடியே ஒரு குட்டித் தூக்கம் போட்டு, தரைக்குக் கீழே இருக்கும் தன் அறைக்கு இறங்கிப் போகிற சாதாரணப் பெண்பிள்ளை. கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு மேசையெல்லாம் பேனாவைத் தேடுவாள். டீயை வாங்கி வைத்துவிட்டு ஏடு படிந்த பிறகு ஞாபகம் வந்து அதையும் குடித்துவிடுவாள்.

அந்த அறை எப்போதும் சில்லென்றிருக்கும். கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். கதவுக்கு உள்ளே கனத்த கறுப்புத் திரை. நடுவில் காற்றடைத்த கால்களின் மேல் நிற்கும் இரும்பு மேசை. அதன் மேல் வரிசை வரிசையாகக் கண்ணாடிகள், லென்ஸுகள், எல்லாவற்றையும் பிடித்திருக்கும் குட்டித் திருகாணிகள். மையத்தில் நகத்தளவு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர், தண்ணீருக்குள் பொன் துகள்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு கேமரா பார்க்கும். துகள் திரையில் வெறும் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியோடுதான் இவள் பாதி ஆயுசைக் கழித்திருக்கிறாள்.

வெளிச்சம் எப்படி இழுக்கும் என்று யாராவது கேட்டால் படகைச் சொல்லுவாள். படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் போகும் அல்லவா, அதுதான் சங்கதி. வெளிச்சத்தை நேராகப் போடாமல் சுற்றிலுமிருந்து சரிவாகப் போட வேண்டும். துகளின் அளவும் வெளிச்சத்தின் நிறமும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டால், துகள் அந்தச் சரிந்த வெளிச்சத்தையெல்லாம் வாங்கி நேர் முன்னால் வீசியடிக்கும். வீசிய வேகத்தில் அது பின்வாங்கும். பின்னால் இருப்பது விளக்கு. கணக்குப் போட்டால் அழகாக வருகிறது. கையில் எடுத்தால்தான் வராது.

ஏன் வராதென்றால், பொன் சும்மா இருக்காது. வெளிச்சம் பட்டதும் சூடாகிவிடும். சூடானால் சுற்றியுள்ள தண்ணீரும் சூடாகும். சூடான தண்ணீர் மேலே போகும் என்பது அடுப்பில் பாத்திரம் வைத்த எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் போகிற பக்கம் துகளும் போகும். அதை இழுத்தது வெளிச்சமா, தண்ணீரா என்று துகள் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. இந்தத் துறையில் பலபேர் தண்ணீரின் வேலையை வெளிச்சத்தின் பேரில் எழுதிவிட்டு அப்புறம் தலையைச் சொறிந்திருக்கிறார்கள்.

இனி அவள் கணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனை எல்லாரும் கண்ணாடிக்காரன் என்பார்கள். கூடத்தில் உள்ள லேசர்களையும் கண்ணாடிகளையும் நேராக நிறுத்தி வைப்பது அவன் வேலை. திருகாணியில் விரலை வைத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை அளவுக்குத் திருப்புவான். நல்ல மனுஷன். யாரையும் கடிந்து பேசத் தெரியாது. சண்டை வருகிற மாதிரி இருந்தால் ஏதாவது ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டு போய்விடுவான்.

அவர்கள் பழகிய கதை வேடிக்கையானது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துகள் விளக்கை நோக்கி வந்துவிட்டது என்று கூடமே அதிரக் குதித்தாள். இவன் யாரிடமும் சொல்லாமல் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதே சோதனையைத் தனியாகச் செய்துவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் மெதுவான குரலில், "மேடம், அது துகள் இல்ல, தூசி" என்றான். அவளுக்கு அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. இரண்டு நாள் அவன் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. பிறகு தானாகவே வந்து, இனிமேல் நான் எதைக் கண்டுபிடித்தாலும் நீங்கள் ஒருமுறை தனியாகச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

அப்படி வந்ததுதான் அவர்களுடைய முறை. ஒருவர் கண்டதை அதே ஆள் சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர்தான் பார்க்க வேண்டும், அதுவும் தனியாக. கண்டவர் அந்த நேரத்தில் கதவுக்கு வெளியேகூட நிற்கக் கூடாது, ஏனென்றால் ஆசைப்பட்டவர் முகத்தைப் பார்த்தால் கை தானாக வளைந்துகொடுக்கும். பார்த்துவிட்டு வந்தவர் சொல்வதுதான் தீர்ப்பு. அதற்கு மேல் பேச்சு கிடையாது. கல்யாணப் பேச்சு வந்தபோது, அப்படி என்னதான் அவனிடம் கண்டாய் என்று அவள் அப்பா கேட்டார். "நான் சொன்னா நம்பாத ஆளுப்பா" என்றாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தும் சம்மதித்தார். அறையில் ஒருவரையொருவர் 'நீங்க' என்றும் வீட்டில் 'நீ' என்றும் கூப்பிட்டுக்கொள்வது அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்.

வருஷங்கள் ஓடின. மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள். துகள் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் இவள் வந்துவிட்டது என்பாள், அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்பான். அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தம் போடும், மறுநாள் சரியாகிவிடும். கூடத்தின் தலைவருக்குத்தான் பொறுமை போய்விட்டது. மாதக் கடைசிக்குள் ஏதாவது தேறினால் சரி, இல்லாவிட்டால் அறையை வேறு குழுவுக்குக் கொடுக்கப் போவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், அதனால் எது கேலி, எது உத்தரவு என்று பழகியவர்களுக்குத்தான் தெரியும். இது உத்தரவு. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பினாள்.

அந்த வாரத்திலேயே துகள் நகர்ந்தது. மேலிருந்து வெளிச்சம் போட்டிருந்தாள். புள்ளி திரையில் மேலே ஏறியது, விளக்கைப் பார்த்து. அணைத்தால் நின்றது, போட்டால் ஏறியது. இந்தத் தடவை அவள் குதிக்கவில்லை. கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனுக்கும் கண் விரிந்துவிட்டது.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. கவிழ்த்துப் பார்ப்பது என்பார்கள். வெளிச்சத்தை மேலிருந்து போடாமல் மேசைக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் போட வேண்டும். இழுப்பது வெளிச்சம்தான் என்றால் துகள் இப்போது கீழே வர வேண்டும், விளக்கு அங்கேதானே இருக்கிறது. சூடான தண்ணீர்தான் தூக்குகிறது என்றால் விளக்கு எங்கே இருந்தாலும் துகள் மேலேதான் போகும். தண்ணீருக்கு விளக்கு எந்தப் பக்கம் என்று தெரியாதல்லவா. இதற்காகவே அடியில் பொருத்தப் புதுக் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள்.

முறைப்படி அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவன் போனான். அன்று அவள் ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள். இருட்டுகிற சமயத்தில் அவன் வந்து செருப்பைக் கழற்றினான். அவள் கையில் கரண்டியோடு அடுப்படியை விட்டு வெளியே வந்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. கீழ வந்துச்சு."

கரண்டியோடேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். மறுநாள் காட்டிய படத்தில் புள்ளி சொன்னபடி கீழே இறங்கியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சரிபார்த்தவன்தானே படத்தைக் கொண்டுவந்திருக்கிறான்.

அப்புறம் என்ன, கட்டுரை வெளிவந்தது. அவள் பெயர் முதலில், அவன் பெயர் அடுத்து. தலைவர் சிரித்துக்கொண்டே அறையை அவளுக்கே கொடுத்துவிட்டதாகச் சொல்லி, கதவில் அவள் பெயர்ப் பலகையும் மாட்டச் செய்தார். இதற்கு முன் அவளை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் படிக்கட்டில் நின்று வழிவிட்டார்கள். மாடி வீட்டில் குடியிருந்த நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "என் தம்பி பொண்டாட்டி வெளிச்சத்தைக் கயிறா திரிச்சு இழுத்துட்டா" என்று பால்காரரிடமும் சொல்லிவைத்தாள். இழுவைக்காரி வாய்க்குள் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் இருந்தது போல இருவரும் சாயங்காலம் நடந்துவிட்டு வந்தார்கள். அந்த ஒரு வருஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு அவளுக்கு வலித்தது அந்தச் சந்தோஷம்தான்.

அடுத்த வருஷம் ஒரு கருத்தரங்கு. அவள் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா எழுந்தார். வேறொரு கூடத்தில் இதே வேலையைச் செய்பவர். எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பார் என்பதால் அவரைச் சந்தேக மேடம் என்பார்கள். எங்கள் கூடத்தில் கீழிருந்து வெளிச்சம் போட்டால் துகள் கீழே வரவில்லை, மேலேதான் போகிறது, உங்களுக்கு எப்படி வந்தது என்று பணிவாகவே கேட்டார்.

இழுவைக்காரி பணிவாகப் பதில் சொல்லியிருக்கலாம். வெற்றி கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது. கண்ணாடியை நேராக வைக்கத் தெரிந்த ஆள் உங்களிடம் இல்லைபோல, எங்கள் வீட்டில் ஒருத்தர் இருக்கிறார், வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன் என்றாள். அரங்கம் கொல்லென்று சிரித்தது. இரண்டாம் வரிசையில் இருந்த கண்ணாடிக்காரன் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிரித்தான். சந்தேக மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. நான் நேரில் வந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். தாராளமாக வாருங்கள் என்றாள் இவள்.

வருவதற்குத்தான் ஒவ்வொரு தடங்கலாக வந்தது. ஒருமுறை லேசருக்குக் குளிரூட்டும் குழாயில் ஒழுக்கு என்றான் கணவன். இன்னொருமுறை அடிக்கண்ணாடி லேசாகச் சரிந்திருக்கிறது, நேராக்க நாளாகும் என்றான். பிறகு மகளுக்குப் பரீட்சை. அவள் ஒவ்வொன்றையும் அப்படியே சந்தேக மேடத்திடம் ஒப்பித்து மன்னிப்புக் கேட்டாள். அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. பாவம், சந்தேகப்படுகிற பொறுப்பைத்தான் அவள் அவனிடம் ஒப்படைத்துவிட்டாளே.

கடைசியில் சந்தேக மேடம் சொல்லிக்கொள்ளாமலே ஒருநாள் காலையில் வந்து நின்றார். பக்கத்தில் ஒரு வேலையாக வந்தேன், முடிந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் டீ மட்டும் குடித்துவிட்டுப் போகிறேன் என்றார். கண்ணாடிக்காரன் அன்று மகளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தான். அதனால் என்ன, நாமே கவிழ்த்துப் பார்ப்போம் என்று இழுவைக்காரி ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தாள்.

அடியில் ஒரு தகரப் பெட்டி. மூடியைக் கழற்றினால் கண்ணாடி. கண்ணாடியின் முகத்தில் மெல்லிய நீலத் தோல் ஒட்டியிருந்தது. புதுக் கண்ணாடி கீறாமலிருக்கக் கம்பெனியில் ஒட்டி அனுப்புவார்கள். முதன்முதலாக வேலைக்கு எடுக்கிறவர்தான் அதை உரித்துப்போட வேண்டும். அந்தத் தோலோடு எந்த வெளிச்சமும் அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்ப முடியாது.

குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். அவள் மனசு முதலில் அவனுக்காகத்தான் வாதாடியது. பழைய கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதிதாக மாற்றியிருப்பான், சரிந்திருக்கிறது என்று சொன்னானே. ஆனால் கூடத்துக்கு இந்த அளவில் வாங்கியது ஒன்றே ஒன்றுதான், வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அவளே. சந்தேக மேடமும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், தன் மூக்குக்கண்ணாடியை.

தோலை உரித்தாள். ஓர் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்ததும் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கண்ணாடியை நிறுத்தினார்கள், வெளிச்சத்தைக் கீழிருந்து போட்டார்கள். திரையில் புள்ளி மேலே ஏறியது. அணைத்தாள், மறுபடி போட்டாள். மேலே ஏறியது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள், துகளையே மாற்றிப் பார்த்தாள். தலைகீழாக நின்றாலும் அது கீழே வருவதாயில்லை.

சந்தேக மேடம்தான் முதலில் பேசினார்.

"மேலதான் போகுது. ஆனா எப்படிப் போகுதுன்னு பாத்தீங்களா? ரொம்ப மெதுவாப் போகுது."

அவள் பார்த்தாள். மேலிருந்து போட்டபோது விறுவிறுவென்று ஏறிய துகள், கீழிருந்து போட்டபோது யாரோ காலைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஏறியது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, வேலை தெரிந்தவள் இல்லையா. மேலிருந்து போட்டபோது தண்ணீரும் மேலே தூக்கியது, வெளிச்சமும் மேலே இழுத்தது. கீழிருந்து போட்டபோது தண்ணீர் மேலே தூக்க, வெளிச்சம் கீழே இழுக்க, இரண்டும் மல்லுக்கட்டின. தண்ணீர் ஜெயித்தது, ஆனால் நோகாமல் ஜெயிக்கவில்லை. அந்த வேக வித்தியாசம்தான் இழுவை. சின்னஞ்சிறிய, நிஜமான இழுவை. இத்தனை வருஷமாக அவள் தேடியது அங்கேதான் இருந்தது. அன்றைக்கு ஒருத்தர் இந்தத் தோலை உரித்திருந்தால் அன்றைக்கே கையில் கிடைத்திருக்கும்.

"உங்க கணக்கு சரி மேடம். நிஜமாவே இழுக்குது" என்றார் சந்தேக மேடம். பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். "எங்ககிட்டயும் இதேதான் வந்துச்சு. போன மாசம் எழுதி அனுப்பிட்டோம். உங்களுக்கு மட்டும் எப்படிக் கீழ வந்துச்சுங்கறதுதான் எனக்கு விளங்கல. அதுக்காகத்தான் வந்தேன்."

அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. கணவன் எடுத்த படத்தைத் திரையில் போட்டாள். பக்கத்தில் தான் எடுத்த பழைய படத்தைப் போட்டாள். அவளுடைய படத்தில், கண்ணாடிப் பெட்டியின் இடது மேல் மூலையில் பிறை மாதிரி ஒரு கீறல் இருந்தது. அவனுடைய படத்தில் அதே பிறை இடது கீழ் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. தன் படத்தைக் கணினியில் தலைகீழாகத் திருப்பினாள். இரண்டும் ஒன்று. புள்ளியின் ஒவ்வொரு நடுக்கமும் ஒன்று. அவன் வெளிச்சத்தைக் கவிழ்க்கவில்லை, அவள் எடுத்த படத்தைக் கவிழ்த்திருக்கிறான்.

நான் போய் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சந்தேக மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பல பேர் முன்னிலையில் தன்னைக் கேலி செய்தவளிடம், அந்தச் சமயத்தில் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் போனாரே, அதற்காகவே அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது மகள் மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையிடம் காட்டிவிட்டு வா என்று மாடிக்கு அனுப்பினாள். அவன் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தான். மடித்துவைத்த நீலத் தோலைப் பையிலிருந்து எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் கை நின்றது.

"நீங்க செய்யவே இல்லையா?" என்றாள். வீட்டில் அவள் அவனை நீங்க என்றது அதுதான் முதல் தடவை.

அன்று அறைக்குப் போனதாகவும், பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை என்றும் சொன்னான். அவள் சாப்பிடாமல் கிடந்ததைச் சொன்னான். தலைவர் அறையைப் பிடுங்க இருந்ததைச் சொன்னான். வருஷக்கணக்காக ஒவ்வொரு தடவையும் இல்லை, இல்லை என்று வந்து சொல்லி, அவள் முகம் சுருங்குவதைப் பார்த்துப் பார்த்துத் தனக்கு அலுத்துவிட்டது என்றும் சொன்னான். அது உண்மையாகத்தான் இருக்கும். நல்லவனுக்கு அலுப்பு வந்தால் யாருக்கும் தெரியாது.

"நிச்சயமா கீழதான் வரும்னு நெனச்சேன். நீ அவ்வளவு உறுதியா இருந்த. நான் உன்னை நம்பினேன்."

"என்னை நம்பறதுக்கு ஊருல ஆளா இல்ல? நம்பாம இருக்கறதுக்குத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்."

"சரி, தப்புதான். ஆனா இழுக்கத்தானே செய்யுது? நீ சொன்னது பொய்யாகலையே."

"நான் சொன்னது நிஜம். அதை நீங்க பொய்யாக்கிட்டீங்க. இப்ப அது அந்த அம்மாவோடது."

அவன் தலை குனிந்தான். நீ சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்றான். அதைக் கேட்டதும்தான் அவள் குரல் உடைந்தது.

"நான் சந்தோஷமா இருந்தேன். ஒரு வருஷம். நீங்க பக்கத்துல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

மாடியிலிருந்து மகள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அவன் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

தலைவர் வழக்கம்போலச் சிரித்தார். இதைப் பெரிதாக்க வேண்டாம், சூட்டின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்று ஒரு சிறு திருத்தம் போட்டுப் பூசி மெழுகிவிடலாம் என்றார். கூடத்தின் பெயர் என்ன ஆவது என்றும் கேட்டார். அவள் அசையவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். கூடத்தில் எல்லாரையும் கூட்டி, கவிழ்த்துப் பார்த்தோம் என்று எழுதினோம், பார்க்கவில்லை, காட்டிய படம் பொய் என்றாள். அவன் பெயரைச் சொல்லவில்லை, நாங்கள் என்றுதான் சொன்னாள். சொல்லாவிட்டால் என்ன, கண்ணாடி யார் பொறுப்பு என்று எல்லாருக்கும் தெரியும். அவனை லேசர் பக்கமே வராதபடி கருவிகள் பழுதுபார்க்கும் பகுதிக்கு மாற்றினார்கள். கதவிலிருந்த பலகை போய்விட்டது. படிக்கட்டில் வழிவிட்டவர்கள் இப்போது வேறு படிக்கட்டில் போனார்கள். சந்தேக மேடத்தின் கட்டுரை வந்தபோது கூடங்களிலெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. அதன் கடைசியில் பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருந்தவர்களில் இவள் பெயரும் ஒன்று.

நாங்கள் என்று சொன்னதற்கு அவன் ஒருநாள் நன்றி சொன்னான். நன்றியெல்லாம் வேண்டாம், அந்தப் படத்தின் மேல் என் பெயர்தான் முதலில் இருந்தது என்றாள். பிரிந்துவிடுவார்கள் என்று நாத்தனார் பயந்தாள். அப்படியெல்லாம் நடக்கவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, மகளுடைய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அவன் முன்பைவிட அதிகமாக வீட்டுவேலை செய்தான். அவளும் கொஞ்ச நாளில் மறுபடி நீ என்றே கூப்பிட ஆரம்பித்தாள். ஆறிப்போயிற்று என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உறவினர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மகளின் கவுனை அவன்தான் இஸ்திரி போட்டிருந்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி, வாசலில் வாடகைக் கார் வந்து நின்ற பிறகு அவளுக்கு ஞாபகம் வந்தது.

"இஸ்திரிப் பெட்டியை அணைச்சியா?"

"அணைச்சாச்சு."

மகள் காரில் ஏறிவிட்டாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு இவளுக்காக நின்றான். அவளும் ஏறப் போனவள்தான். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு எடுத்தாள். சாவியைக் கொடு என்று அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குத் திரும்பினாள். அவன் எதற்கு என்று கேட்கவில்லை.

மூன்று மாடியும் ஏறி, பூட்டைத் திறந்து, உள்ளறைக்குப் போனாள். இஸ்திரிப் பெட்டி அணைத்துத்தான் இருந்தது. பிளக்கையும் பிடுங்கி, வயரை அழகாகச் சுற்றி, பலகையின் மேல் நிறுத்தி வைத்திருந்தான். அவள் அதன் அடிப்பக்கத்தைத் தொட்டும் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கீழே கார் ஹாரன் அடிக்க அடிக்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.